பூட்டிய படலையும் புளியங்கொம்பும்: வன்னிக் கிராமமொன்றின் சிறுவர் விளையாட்டிடம் பற்றிய நிகழ்வு ஆய்வு

நடந்தது

கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் கிராமம் ஒன்றில் நடந்த விடயம் இது. ஊரின் பெயரை எழுதவில்லை. சின்ன ஊர், பெயரைச் சொன்னால் பிள்ளையின் வீடு தெரிந்துவிடும். முன்பள்ளியும் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடமும் ஒரே வளவில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் கிடக்கும் வெளிதான் விளையாட்டிடம். காலையில் முன்பள்ளிச் சின்னன்கள், பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பெரிய பிள்ளைகள். வேலியோரம் ஒரு கிணறு, பின்பக்கம் பழைய புளியமரம், அதற்கு அப்பால் வயல்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்த உதவியில் இரும்புக் குழாய்ச் சறுக்கு ஒன்றும் ஊஞ்சல் ஒன்றும் சீசோ ஒன்றும் பூட்டப்பட்டன. கால்கள் ஆடாமலிருக்க அடியில் கொங்கிறீற் போட்டார்கள். போட்டவர் தாராள மனசுக்காரர் போலிருக்கிறது. கால்களைச் சுற்றி மட்டும் போடாமல் சறுக்கின் கீழ் முழுவதும் பரப்பிவிட்டார். மழைக்குச் சேறாகாது, கூட்டுவதற்கும் சுகம். வன்னியில் இப்படி அமைந்த இடம் இது ஒன்று மட்டுமல்ல.

சறுக்கின் மேல்தட்டு 1.8 மீற்றர் உயரம். ஒரு பின்னேரம் 7 வயதுப் பையன் ஒருவன் ஏணியால் ஏறாமல் சறுக்கும் பக்கத்தால் ஓடி ஏறி, மேலே கைபிடிக் குழாயில் நின்று கை தட்டியிருக்கிறான். விழுந்தது கொங்கிறீற்றில். முன்கை எலும்பு முறிந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிட்டார்கள். அந்தச் சேவை 2018 இல்தான் வடக்குக்கு வந்தது. அதற்கு முந்திய காலமென்றால் ஓட்டோ தேடி ஓடியிருக்கவேண்டும். கை பொருந்திவிட்டது. ஊருக்குள் பேச்சு அடங்கவில்லை.

அந்த வாரமே கூட்டம் கூடியது. படலைக்குப் பூட்டுப் போடுவது, சறுக்கைக் கழற்றித் தரும்படி பிரதேச சபைக்குக் கடிதம் எழுதுவது என்று இரண்டு தீர்மானம். எதிர்த்துப் பேசியவர் இல்லை. எப்படிப் பேசுவது? பையனின் தாய் அங்கேதான் இருந்தார்.

பூட்டிய பிறகு பிள்ளைகள் வீட்டில் அடங்கி இருந்துவிடவில்லை. வயலுக்குத் தண்ணீர் திறக்கப் போன கமக்காரர் ஒருவர் வாய்க்கால் துருசுக்கட்டில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்று தண்ணீருக்குள் குதிப்பதைக் கண்டார். வேறு சிலர் ஆளில்லாத வளவொன்றின் பின்னால் கிடந்த பழைய இரும்புக் குவியலில் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வன்னியில் பழைய இரும்புக் குவியல் என்றால் அதன் பொருள் வேறு, வெடிக்காத குண்டும் அதற்குள் கிடக்கலாம். அதைக் கேள்விப்பட்ட அன்றே முகாமைக்குழு திரும்பக் கூடியது. இந்த முறை கேள்வி மாறியிருந்தது. பிள்ளை எங்கே விளையாடினால் எங்களுக்குக் குறைந்த ஆபத்து? அளவெடுத்துக் குறித்துத் தரும்படி என்னைக் கூப்பிட்டது அப்போதுதான்.

பயத்தின் வேர்

வெளியிலிருந்து வருகிறவர்கள் வன்னித் தாய்மாரைப் பார்த்து, பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள் என்று சொல்வதுண்டு. அது அநியாயமான பேச்சு. 2009 க்குப் பிறகு முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் முதலில் கண்டது தங்கள் காணியை அல்ல, காணியைச் சுற்றி நட்டிருந்த சிவப்புத் தலைத் தடிகளையும் மண்டையோட்டுப் பலகைகளையும். பள்ளிக்கூடங்களில் மிதிவெடி விழிப்பூட்டல் நடந்தது. தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல். இன்றைய முன்பள்ளித் தாய்மார் பலர் அன்று அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள். தெரியாத நிலத்தில் கால் வைக்கக்கூடாது என்பதை அவர்கள் பள்ளிக்கூட வயதிலேயே படித்தார்கள்.

அந்தப் பாடம் இன்னும் காலாவதியாகவில்லை. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்கக் கொடுக்கப்பட்ட தவணை 2028 யூன். இதே மாவட்டத்தின் முகமாலை நாட்டின் மிகப் பெரிய மிதிவெடி வயல்களில் ஒன்று. துப்புரவாக்கி ஒப்படைத்த காணிக்குக்கூட, குறிப்பிட்ட ஆழம் வரை தேடியாயிற்று என்றுதான் சான்று கொடுக்கிறார்கள்.

இந்த ஆய்வு முழுவதற்கும் அடிப்படை அதுதான். பிள்ளைகள் தாங்களே கட்டியும் ஏறியும் துணிந்து விளையாடும் சாகச விளையாட்டிடம் பற்றி உலகம் பேசுவது பெரும்பாலும் ஐரோப்பாவில் தொடங்குகிறது. டென்மார்க்கின் நிலத்தோற்றக் கலைஞர் சோரன்சன், தான் வடிவமைத்த அழகான விளையாட்டிடங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களில் மரத்துண்டும் கல்லும் அள்ளி விளையாடுவதைக் கவனித்தார். 1943 இல், ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், கொப்பன்கேகன் அருகே எம்ட்ரப் என்ற இடத்தில் பழைய சாமான்களால் ஆன விளையாட்டிடம் திறக்கப்பட்டது. 1946 இல் அதைப் பார்த்த ஆங்கிலேயத் தோட்ட வடிவமைப்பாளர் ஆலன் சீமாட்டி அந்த யோசனையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். லண்டனில் குண்டு விழுந்து இடிந்த வெளிகளிலேயே பிள்ளைகள் கிடங்கு வெட்டினார்கள், பலகை அடித்துக் கொட்டில் போட்டார்கள்.

போர் முடிந்த மண்ணில் பிள்ளைகள் தாங்களே கட்டி விளையாடியது என்று கேட்க வன்னிக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். ஆனால் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இங்கே இடிபாட்டைக் கிளறு என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆகவே குழு முதலில் எடுத்த முடிவு, நிலத்தைக் கிண்டும் விளையாட்டு இந்த வளவில் கிடையாது என்பது. கிண்டுவதற்கு மண் வேண்டுமென்றால் தெரிந்த இடத்திலிருந்து கொண்டுவந்து, நிலத்துக்கு மேலே கொட்டவேண்டும். பெரியவர்களின் வேலைக்கும் அதே விதிதான். இருக்கும் அத்திவாரங்களைத் தவிரப் புதிதாக ஆழக் கிடங்கு எதுவும் வெட்டவில்லை.

அப்படியே வேலையும் பிரிந்தது. காலுக்குக் கீழே இருப்பது முழுக்கப் பெரியவர்களின் பொறுப்பு. அதில் பிள்ளைக்கு எந்தச் சோதனையும் வைக்கக்கூடாது. காலுக்கு மேலே இருப்பதில், அதாவது எவ்வளவு உயரம் ஏறுவது, எவ்வளவு வேகம் போவது என்பதில், பிள்ளைக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம். கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டவில்லை. ஆனால் வாதாடுவதற்கு ஒரு கோடு கிடைத்தது.

அளவுநாடாவோடு ஒரு காலை

முதலில் சறுக்கு. கூட்டத்தில் எல்லோரும் உயரத்தைத்தான் குற்றம் சொன்னார்கள். விளையாட்டுக் கருவிகளுக்கான ஐரோப்பிய நியமம், இஎன் 1176, விழக்கூடிய உயரத்துக்கு 3 மீற்றர் வரை இடம் கொடுக்கிறது. 1.8 மீற்றர் அதற்குள் நன்றாக அடங்கும். அதே நியமம் 60 சென்ரிமீற்றருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் அடியைத் தாங்கும் தரை வேண்டும் என்கிறது. நல்ல புல்தரை என்றால் 1 மீற்றர் வரை சமாளிக்கும். 2 மீற்றர் உயரத்துக்கு 20 சென்ரிமீற்றர் தளர்வான மணல், அதோடு கால்பட்டு விலகிப்போவதற்காக இன்னும் 10. கொங்கிறீற்றுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பையனின் கையை முறித்தது சறுக்கின் உயரம் அல்ல, அதன் கீழே பரப்பிய கொங்கிறீற்.

கொங்கிறீற்றை எடுத்தால் மண் இருக்கிறதுதானே என்று ஒருவர் கேட்டார். இங்குள்ள செம்மண் ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் இறுகிவிடும். யூலையில் மண்வெட்டி போட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது மேல்தட்டின் கைபிடிக் கம்பிகள். இதை யாரும் கவனித்திருக்கவில்லை. இரண்டு கம்பிகளுக்கு இடையில் சுமார் 15 சென்ரிமீற்றர். பார்த்தால் நெருக்கமாகத்தான் தெரியும். ஆனால் 9 சென்ரிமீற்றருக்கும் 23 சென்ரிமீற்றருக்கும் இடைப்பட்ட இடைவெளிதான் விளையாட்டுக் கருவிகளில் மிகக் கெட்டது. சின்னப் பிள்ளை காலை முதலில் நுழைத்தால் உடம்பு போய்விடும், தலை நின்றுவிடும். கழுத்தில் தொங்கும் நிலை. கை முறிந்த சம்பவத்தால் ஊரே கலங்கியது. இந்தக் கம்பிகளோ ஒரு சத்தமுமில்லாமல் இத்தனை வருடம் நின்றிருக்கின்றன. இடையில் இன்னொரு கம்பி வைத்து ஒட்டச் சொன்னோம். ஒட்டு வேலைக்காரர் அரை நாளில் முடித்தார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். உயரம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். மேலே நிற்கும்போது வயிறு சில்லிடும், கால் தானாகப் பின்வாங்கும். கம்பி இடைவெளி அப்படி எச்சரிக்காது. உக்கிய ஆணியும் எச்சரிக்காது, கொங்கிறீற்றின் கடினமும் எச்சரிக்காது. பிள்ளையால் கண்டு கணிக்க முடியாத எதையும் விட்டுவைக்கக்கூடாது. கனடியக் குழந்தை மருத்துவச் சங்கம் 2024 இல் வெளியிட்ட நிலைப்பாட்டிலும் இந்தப் பிரிப்பு இருக்கிறது. கண்டு கணிக்கக்கூடிய ஆபத்து பிள்ளையின் வளர்ச்சிக்குத் தேவை என்றே அவர்கள் சொல்கிறார்கள். கனடாவைப் பற்றிச் சொன்னதும் கூட்டத்தில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர்களில் அந்த நாட்டுக்கு உள்ள மரியாதை வேறு.

வெயில் இன்னொரு தொல்லை. சறுக்கின் தகடு காலை பத்து மணிக்கே தொட முடியாதபடி கொதித்தது. சறுக்கை வடக்கு நோக்கி வைக்கும்படி வெளிநாட்டுக் கையேடுகளில் இருக்கும். அங்கே வெயில் எப்போதும் தெற்கிலிருந்து சரிந்து வருவதால் அது சரி. கிளிநொச்சி 9 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் நேரே தலைக்கு மேல். இடைப்பட்ட மாதங்களில் மதியச் சூரியன் வடக்குப் பக்கத்தில்தான் நிற்கும். திசை மாற்றி ஒன்றும் ஆகாது, நிழல்தான் வழி. வேம்பு நட்டிருக்கிறார்கள். அது வளரும் வரை மேலே கிடுகுப் பந்தல்.

பிறகு ரயர்கள். பாதி புதைத்து வர்ணம் அடித்த ரயர் வரிசை இலங்கை முன்பள்ளிகளில் அடிக்கடி காண்பது, மலிவும்கூட. ஐப்பசி மழை தொடங்கினால் ஒவ்வொரு ரயரும் ஒரு நுளம்புத் தொட்டி. வடக்கில் டெங்கு கூடுவதும் அந்த மாதங்களில்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் எடுக்கச் சொல்லுவார், அவர் சொல்வது நியாயம். அடிப்பக்கத்தில் பெரிய துளைகள் போட்டு, உள்ளே மணல் நிரப்பியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அகற்றினார்கள். வெறும் ரயரின் உள்வளைவு பாம்புக்கும் நல்ல இடம். கல்லுக்குவியலும் சருகுக்குவியலும் அப்படியே அகற்றப்பட்டன.

கிணற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டு முழங்கால் உயரத்துக்குத்தான் இருந்தது. வேறு எதையும் தொடும் முன் அதை உயர்த்திக் கம்பிவலை போட்டார்கள்.

மணல்

கேட்கச் சின்ன விடயம், முழுச் செலவும் இதில்தான். சறுக்கைச் சுற்றி 5 மீற்றருக்கு 4 மீற்றர், 30 சென்ரிமீற்றர் ஆழம் என்றால் 6 கன மீற்றர், அதாவது 2 கியூபுக்குச் சற்று மேல். ஆற்று மணல் அள்ளவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும், விலையும் சும்மா இல்லை. உமி போடலாமே என்று யோசனை வந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உமி வளவில் நிற்காது, தீயும் பிடிக்கும். தும்புத்தூள் மழைக்கு ஊறி உக்கும். கடைசியில் மணல்தான்.

கொங்கிறீற்றைச் சிரமதானத்தில் உடைத்து எடுத்தார்கள். எடுத்த தடிப்பு அளவுக்குப் பள்ளம் கிடைத்தது, அதற்குக் கீழே கிண்டவில்லை. மீதி ஆழத்துக்குச் சுற்றிவர விழுந்த பனைகளின் குற்றிகளை வரம்பாக வைத்து மணலை நிரப்பினார்கள். பனங்குற்றியில் சிராய் ஏறும். பிள்ளைகள் உட்காருகிற மேல்பக்கத்தைச் சீவித் தும்புக்கயிறு சுற்றியிருக்கிறார்கள்.

மணல் வந்ததும் வேறு வேலைகளும் வந்தன. நாயும் பூனையும் அதைத் தேடி வரும். அவற்றின் கழிவிலிருந்து கொழுக்கிப்புழு வெறுங்காலுக்கு ஏறும். எங்கள் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விளையாடுவார்கள். ஆகவே படலை எப்போதும் சாத்தியிருக்கவேண்டும், தினமும் காலையில் மணலை வாரவேண்டும். வாரும்போதே அது ஒரு பரிசோதனையும் ஆகிறது. இரவு பாம்பு ஊர்ந்திருந்தால் தடம் தெரியும், கண்ணாடித் துண்டு கிடந்தால் பல்லில் மாட்டும். முன்பள்ளி ரீச்சர் இந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஓட்டமும் குதிப்பும் உள்ள இடத்தில் மணல் இறுகிப்போகும் என்பதால் கிழமைக்கு ஒருமுறை யாராவது மண்வெட்டியால் புரட்டிவிடவேண்டும். அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது இன்றுவரை இழுபறி.

புளி

எல்லாவற்றிலும் நீண்ட வாக்குவாதம் புளியமரத்தைப் பற்றியது. படலையைப் பூட்டியிருந்த காலத்தில் பிள்ளைகள் அதில் ஏறியிருந்தார்கள். முதற்கிளை ஒன்றரை மீற்றரில் பிரிகிறது. கிளையைத் தறித்துவிட்டால் ஏற முடியாது என்பது ஒரு பக்கம்.

கை முறிந்த பையனின் தாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாங்கள் பட்டது காணும். இனி என்ரை பிள்ளைக்கு ஒண்டும் வரக்கூடாது."

எழுபதைத் தாண்டிய ஒரு ஆச்சி திரும்பிக் கேட்டார். "கீறல் படாமல் வளந்த ஆரைப் பிள்ளை நீ கண்டனி?"

"கீறலை நான் சொல்லேல்லை ஆச்சி. கை முறிஞ்சதைச் சொல்லுறன். ஆசுப்பத்திரியிலை நிண்டது நான்."

ஆச்சி ஒன்றும் பேசவில்லை. அந்த இடத்தில் அவர் பேசாமல் விட்டது நல்லது என்றே நினைக்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் ஏறினோம், ஒன்றும் ஆகவில்லை என்ற வாதத்துக்கு எடை கிடையாது. ஆனவர்கள் கூட்டத்துக்கு வந்து சொல்ல மாட்டார்கள்.

வாதத்தை நகர்த்தியது வேறு ஒரு கேள்வி. கிளையைத் தறித்தால் பிள்ளைகள் எந்த மரத்துக்குப் போவார்கள்? பக்கத்து வளவில் முருங்கை நிற்கிறது, வாய்க்கால் கரையில் மருது நிற்கிறது. முருங்கை முறியும் என்பது ஊருக்கே தெரியும். மருதுக்குக் கீழே தண்ணீர். புளியங்கொம்பு முறியாது என்பதால்தானே நல்ல இடத்தில் பிடி கிடைத்தவனைப் புளியங்கொம்பைப் பிடித்தவன் என்கிறோம். எல்லோரும் சிரித்தார்கள், தாயும் சிரித்தார். பிறகு அவரே கேட்டார்: "அப்ப கீழை என்ன போடுவியள்?"

நல்ல கேள்வி. மரத்தின் கீழும் மணல் என்று முடிவானது, இன்னும் ஒன்றரைக் கியூபுக்கு மேல். அடிமரத்தை ஒட்டிக் குவித்தால் மரத்துக்குக் கேடு என்பதால் அங்கே மெல்லிதாகவும் கிளைகளுக்கு நேர்கீழே முழு ஆழத்துக்கும் போட்டார்கள். 30 சென்ரிமீற்றர் மணல் தாங்கும் உயரம் 2 மீற்றர். ஆகவே கால் வைக்கக்கூடிய கடைசி இடத்தில் மரத்தில் ஒரு வளையம் வரைந்தார்கள். வர்ணம் வாங்கப் போனவர் சிவப்பைக் கொண்டுவந்தார், திருப்பி அனுப்பினார்கள். இந்த மாவட்டத்தில் சிவப்புக்கு ஒரே பொருள்தான் இருக்கவேண்டும். மரம் ஏறும் விளையாட்டில் அதைப் பழக்கி மலிவாக்கக்கூடாது. வளையம் நீலம்.

விதிகள் இரண்டுதான். பிள்ளையை யாரும் தூக்கி மரத்தில் விடக்கூடாது; தானாக ஏற முடியாத பிள்ளைக்கு அந்த மரத்தில் ஏறும் காலம் இன்னும் வரவில்லை. ஏணியோ ஆணியோ அடிக்கக்கூடாது. ஒன்றரை மீற்றர் கிளை தானாகவே சின்னன்களை வடித்துவிடுகிறது, காவலாளி தேவையில்லை.

பார்த்துக்கொள்ளும் பெரியவர் என்ன சொல்லவேண்டும் என்பதிலும் பேச்சு நடந்தது. கிளையில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து "கவனம்! கவனம்! விழப்போறாய்!" என்று கத்தினால் பிள்ளை கிளையைப் பார்க்காமல் கத்துகிறவரைத்தான் திரும்பிப் பார்க்கும். கால் வழுக்குவது அந்த நேரத்தில்தான். அதற்குப் பதிலாக, "அடுத்த காலை எங்கை வைக்கப்போறாய்?" என்று கேட்கச் சொன்னோம். ரீச்சருக்கு இது ஒரே நாளில் வந்துவிட்டது. அப்பாமாருக்கு வரவில்லை.

பெண்பிள்ளைகள் விடயம் தனி. சின்ன வயதில் எல்லோரும் ஏறினார்கள். பத்து, பதினொரு வயதுக்காரிகள் ஏறத் தொடங்கியதும் பெரியவர் ஒருவர் படலையடியில் நின்று, குமர்ப்பிள்ளைகளுக்கு மரத்தில் என்ன வேலை என்று கேட்டார். முன்னர் வாயடைத்திருந்த ஆச்சி இப்போது விடவில்லை. "உந்தப் புளியிலை நான் ஏறாத கொப்பு எது அண்ணை? புளியம்பழம் ஆர் உலுப்பினது எண்டு நினைக்கிறியள்?" அண்ணை போய்விட்டார். ஆனால் பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள். பெரிய பொடியன்கள் கொப்பைப் பிடித்துக்கொண்டு இறங்காததும் ஒரு காரணம். கிழமையில் இரண்டு பின்னேரம் பெண்பிள்ளைகளுக்கு முதலுரிமை என்று எழுதி ஒட்டினார்கள். ஓரளவுக்குத்தான் நடக்கிறது. இந்த ஒரு விடயத்தில் குழு தோற்றிருக்கிறது என்றுதான் பதியவேண்டும். விளையாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை என்று சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை சொல்கிறது, இலங்கை அதை 1991 இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. படலையடியில் நின்ற பெரியவருக்கு அது எட்டவில்லை.

மற்ற ஆபத்துகள்

நோர்வே ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர் 2007 இல் முன்பள்ளிப் பிள்ளைகளின் துணிச்சல் விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரான கருவி, தீயும் நீரும், கட்டிப்புரளல், கண்மறைவாகத் திரிதல். உயரத்துக்குப் புளி, வேகத்துக்குச் சறுக்கு. கட்டிப்புரள்வதற்குக் கிளித்தட்டே போதும். கோடு கீறினால் ஆயிற்று, முழங்கால் உரசலுக்குக் குறைவிருக்காது.

கருவி விடயத்தில் ஊர் என்னைவிட முன்னால் நின்றது. குரும்பட்டித் தேர் செய்ய ஈர்க்குச் சீவவேண்டும், பனங்காய் வண்டிலுக்குத் தடி கூராக்கவேண்டும், ஆகவே எட்டு வயதுக்காரன் கையில் சின்னக் கத்தி இருப்பது இங்கே அதிசயம் இல்லை. உட்கார்ந்துகொண்டுதான் வெட்டவேண்டும், கத்தியோடு நடக்கக்கூடாது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

கண்மறைவு கொஞ்சம் சிக்கல். ஒளிச்சுப் பிடிச்சு விளையாட மறைவு வேண்டும், ஆனால் மறைவில் பாம்பு இருக்கலாம், தெருவிலிருந்து பார்வை படாத மூலை வேறு வகை ஆபத்துக்கும் இடம் கொடுக்கும். பிள்ளையின் இடுப்பளவுக்கு நித்தியகல்யாணியும் கனகாம்பரமும் வரிசையாக நட்டார்கள். குந்தியிருக்கும் பிள்ளைக்குத் தான் ஒளிந்திருக்கிறேன் என்று தோன்றும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்குத் தலை தெரியும்.

நீரை மட்டும் குழு முழுதாக மறுத்தது. துருசில் குதித்தவர்களைப் பார்த்தபின் வேறு முடிவு எதிர்பார்க்க முடியாது. என் கருத்து சற்று வேறு. குளமும் வாய்க்காலும் ஊரைச் சுற்றி இருக்கும் வரை நீச்சல் தெரியாத பிள்ளை எப்போதும் ஆபத்தில்தான் இருக்கிறது. விளையாட்டிடத்தில் ஒரு சாண் தண்ணீர் விடுவதைவிட நீச்சல் பழக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும். அதற்கு இன்னும் ஆள் அமையவில்லை.

முதல் மழைக்குப் பிறகு

படலை திறந்த பிறகு பிள்ளைகள் விழாமல் இருக்கவில்லை. சறுக்கிலிருந்து விழுந்தார்கள், புளியிலிருந்தும் விழுந்தார்கள், எழும்பி மணலைத் தட்டிவிட்டுப் போனார்கள். உரசலும் வீக்கமும் உண்டு. ரீச்சர் ஒரு கொப்பியில் திகதி, இடம், என்ன காயம் என்று எழுதிவைக்கிறார். நீல வளையத்துக்கு மேலே ஏறியவர்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன. கை முறிந்த பையனின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். அவன் சறுக்குக்குத் திரும்பி வரவே நாள் எடுத்தது. இப்போது கைபிடிக் குழாயில் ஏறி நிற்பதில்லை. யாரும் தடுத்ததால் அல்ல.

மாரி வந்ததும் குறை ஒன்று தெரிந்தது. பனங்குற்றி வரம்பு தண்ணீரை உள்ளேயே பிடித்துக்கொண்டது, மணல்கிடங்கு குளமாகிவிட்டது. சரிவுப் பக்கத்தில் இரண்டு குற்றிகளுக்கு நடுவே வழி விட்டு, மணல் அடித்துக்கொண்டு போகாமல் கல்லும் சாக்கும் வைத்தார்கள். வெளியேறிய மணலைத் திரும்ப அள்ளிப் போடவேண்டியிருந்தது. கறையான் ஒரு குற்றியை உள்ளே வெறுமையாக்கியிருந்தது. தட்டிப் பார்த்த சத்தத்திலிருந்து அதைக் கண்டுபிடித்தது ஒரு பிள்ளை.

ஊஞ்சலை இன்னும் திரும்பத் தொங்கவிடவில்லை. மேல்குழாய் 2.4 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கையேட்டின் கணக்கில் அதன் இரண்டு மடங்கு தூரம் முன்னுக்கும் பின்னுக்கும் வெளியாக இருக்கவேண்டும், அதாவது 4.8 மீற்றர் இரண்டு பக்கமும். அந்தக் கீற்று முழுவதும் மணல் போட இன்னும் 2 கியூப் வேண்டும். பலகை ஆசனத்தை எடுத்துவிட்டு ரயரில் வெட்டிய மெத்தென்ற ஆசனம் தயாராக இருக்கிறது; குறுக்கே ஓடும் சின்னப் பிள்ளையின் தலையில் பலகை விளிம்பு பட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதற்கிடையில் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் ஒக்ரோபர் 1 சிறுவர் தினத்துக்கு இரும்பில் கப்பல் வடிவச் சறுக்கு ஒன்று செய்து தர விரும்புவதாகச் செய்தி அனுப்பினார். குழு நன்றி சொல்லி, கப்பல் வேண்டாம், அந்தக் காசில் 2 கியூப் மணலும் வருடத்துக்கு ஒருமுறை நிரப்புவதற்கு ஒரு தொகையும் தந்தால் ஊஞ்சலைத் திறந்துவிடலாம் என்று பதில் எழுதியது. அவர் மறுக்கவில்லை. மணலுக்கு உபயகாரர் பெயர்ப்பலகையை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டிருக்கிறார். குழு அடுத்த கூட்டத்தில் அதைப் பேசவிருக்கிறது.